ஏழு பேர் ஏறும் வண்டி: செட்டிநாட்டில் குடும்ப வண்டி தேடுவோருக்கு

குடும்பத்துக்கு ஏழு சீட்டர் வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ‘எர்டிகாவா, இன்னோவாவா’ என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தக் கேள்வியை இரண்டு வாரம் தள்ளிவைப்பது நல்லது. வண்டியின் மூன்றாவது வரிசையில் யார் உட்காரப் போகிறார், ஆண்டில் எத்தனை முறை உட்காரப் போகிறார், அப்போது அவருடைய காலுக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் அடுக்கும் சாமானுக்கும் இடம் இருக்கிறதா என்பதற்கு அதற்கு முன்பே விடை கண்டுவிட வேண்டும். இதுவரை ஐந்து பேர் ஏறும் கார் மட்டுமே ஓட்டியவர்களையும், முதல் வண்டியே பெரிய வண்டியாக வாங்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். சொந்தமாக இரண்டு வண்டி வாங்கியதிலும், உறவினர்களுக்காக ஐந்தாறு வண்டி பார்த்துக் கொடுத்ததிலும் பட்டுத் தெரிந்துகொண்டவையே இதில் பாதி.

ஓராண்டுப் பயணத்தை எழுதிப் பாருங்கள்

கடந்த ஓராண்டில் குடும்பமாகப் போன பயணங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது ஏறத்தாழ இப்படி இருக்கும்: மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மதுரைக்கு மருத்துவமனை, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாமான் வண்டி, ஊரில் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு), தையிலும் ஆவணியிலும் அடுத்தடுத்து விழும் கல்யாணங்கள், சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருகிறவர்களை அழைத்துவரத் திருச்சி விமான நிலையம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர், எவ்வளவு சாமான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏழு பேரும் சேர்ந்து ஏறியது ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் என்றால் மூன்றாவது வரிசை சுமாராக இருந்தாலும் காலம் ஓடிவிடும். நாற்பது முறை என்றால் அதற்கேற்ற வண்டியை அதற்கேற்ற விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இரண்டே முறைதான் என்று தாள் சொன்னால், ஐந்து பேர் ஏறும் காரை வாங்கிக்கொண்டு அந்த இரண்டு நாளுக்கும் வாடகை வண்டி வைத்துக்கொள்வதே மலிவு.

சாமான் கணக்கில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் மூன்றாவது வரிசையை மடக்கிவைத்து டிக்கியைத் திறந்து காட்டுவார்கள்; கல்யாணக் கூடம்போல் விரிந்து கிடக்கும். அந்த வரிசையை நிமிர்த்தச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். எர்டிகாவில் மடக்கினால் 550 லிட்டர், நிமிர்த்தினால் 209 லிட்டர். கியா கேரன்ஸில் நிமிர்த்திய நிலையில் 216 லிட்டர். ரெனோ டிரைபரில் வெறும் 84 லிட்டர். ஆனால் அதில் மூன்றாவது வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். விமானத்தில் வரும் பெரிய பெட்டி ஒன்று சுமார் 90 முதல் 100 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் எர்டிகாவில் ஏழு பேர் உட்கார்ந்தபின் இரண்டு பெட்டிக்குத்தான் இடம், அதுவும் கதவு மூடினால். திருச்சியில் நான்கு பேர் எட்டுப் பெட்டியோடு இறங்கும் குடும்பம் என்றால், எந்த ஏழு சீட்டரை வாங்கினாலும் அன்றைக்கு இன்னொரு வண்டி தேவைப்படும். இதை முன்பே ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த ஒரு நாளுக்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுக்கும் தவறு நடக்காது.

வீட்டிலுள்ள வயதானவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்

வண்டி பார்க்க ஆண்கள் இரண்டு பேர் மட்டும் போய்வருவது நம் பக்கத்துப் பழக்கம். வயதில் மூத்த பெண்மணி ஒருவரையும், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒன்றையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். எங்கள் அப்பத்தாவை அப்படி அழைத்துப் போனபோது, விற்பனையாளர் ஒரே விரலால் நடுச்சீட்டைத் தள்ளி மடக்கிக் காட்டினார். அப்பத்தா வலது காலை உள்ளே வைத்தார். புடவைக் கொசுவம் சீட் ஓடும் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. இடது கால் இன்னும் தரையில் இருக்க, பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் கை கூரையைத் தடவியது. “இதுல ஏறுறதுக்கு நான் மாட்டு வண்டியிலயே வந்துருவேன்டா” என்றார். மூட்டுவலி உள்ளவர்கள் மூன்றாவது வரிசைக்குப் போகவே முடியாது என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

ஆகவே பெரியவர்களுக்கு நடுவரிசை, பிள்ளைகளுக்குப் பின்வரிசை என்பதே நடைமுறை. அப்படியானால் நடுவில் நீளச் சீட்டா, தனித்தனி இரண்டு சீட்டா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தனிச்சீட் இருந்தால் பெரியவர்களை எழுப்பாமலேயே பிள்ளைகள் நடுவே நுழைந்து பின்னால் போய்விடலாம். ஆனால் அந்த வண்டிகளில் பெரும்பாலும் ஆறு பேருக்குத்தான் இடம். மாருதியின் எக்ஸ்.எல்.6 அப்படிப்பட்டது. நான் ஏழாவது இடத்தை விட்டுக்கொடுக்கும் கட்சி.

ஏறும் உயரத்தையும் கவனியுங்கள். நின்றபடி பின்னால் சாய்ந்தால் சீட் இடுப்பளவில் வந்து தாங்க வேண்டும். இன்னோவா கிரிஸ்டா சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய வண்டி என்பதால் தரை உயரம். வயதானவர்கள் ஏறும்போது ஒரு கை தாங்க வேண்டியிருக்கும். புதிய இன்னோவாவான ஹைகிராஸில் உடலும் சட்டமும் ஒன்றாக இருப்பதால் தரை தாழ்ந்திருக்கிறது.

பின்வரிசையில் நீங்களே பதினைந்து நிமிடம் உட்காருங்கள், அதுவும் வண்டி ஓடும்போது, சித்திரை வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் நெஞ்சை நோக்கி எழுகிறதா, பாதம் முன்சீட்டுக்கு அடியில் நுழைகிறதா, ஏசிக் காற்று முகத்தில் படுகிறதா என்று பாருங்கள். பின்வரிசைக்கென்று தனியே காற்றுத்துளை இருக்கிறதா என்பது ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். அங்கே கண்ணாடியைத் திறக்கவும் வழியில்லை என்பதால், கோனாபட்டிலிருந்து கிளம்பி மதுரை போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதற்கு இதுவே பாதிக் காரணம்.

வீட்டில் வண்டி நிறுத்தும் இடத்தை அளக்கவும் மறக்க வேண்டாம். முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் வீடுகளில், பழைய வண்டிக்கொட்டகையைத்தான் பலர் கார் ஷெட் ஆக்கியிருக்கிறார்கள். ஹைகிராஸின் அகலம், பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே, 1,850 மி.மீ.; அதாவது ஆறடிக்கு மேல். இருபுறமும் கதவு திறந்து ஆள் இறங்க இரண்டிரண்டு அடி சேர்த்தால் பத்தடி வேண்டும். கொட்டகை எட்டடிதான் என்றால் பெரியவர்களைத் தெருவிலேயே இறக்கிவிட வேண்டியதுதான்.

எந்த வண்டி யாருக்கு

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுள்ள மினிவேனையே இங்கும் கேட்பார்கள். வசதியான பெரிய வண்டிகளில் அப்படிக் கிடைப்பது கியா கார்னிவல். அதன் விலை வேறு உலகம். மற்றவர்கள் தேடுவது நான்கைந்து வண்டிகளுக்குள் அடங்கிவிடும்.

ரெனோ டிரைபர் நான்கு மீட்டருக்குள் அடங்கும் நீளம், 999 சி.சி. பெட்ரோல், 72 குதிரைத்திறன். உள்ளூர் ஓட்டத்துக்குச் சிக்கனமான வண்டி. ஏழு பேரை ஏற்றி ஏசியும் போட்டுக் கொடைக்கானல் மலை ஏறினால் மூச்சு வாங்கும். மாருதி எர்டிகா 2012-இல் வந்தது; 2018 நவம்பரில் பெரிதாக மாறியது; இப்போது 1.5 லிட்டர் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் மட்டும்தான், டீசல் 2020-இல் நின்றுவிட்டது. டொயோட்டா ரூமியான் அதே வண்டிதான், முகப்பு மட்டும் வேறு. சி.என்.ஜி. வகையில் சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்திருக்கும் என்பதால், ஏழு பேரும் சாமானும் என்ற கணக்குக்கு அது ஒத்துவராது. 2022 பிப்ரவரியில் வந்த கியா கேரன்ஸில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 2,780 மி.மீ.; எர்டிகாவைவிட 40 மி.மீ. கூடுதல். பின்வரிசையில் பெரியவர்கள் உட்கார வேண்டிய வீடாக இருந்து, இன்னோவா அளவுக்குப் பணமும் இல்லை என்றால், நான் முதலில் அதைப் பார்க்கச் சொல்வேன். இன்னோவா 2005-இலிருந்து இருக்கிறது. 2016-இல் வந்த கிரிஸ்டா டீசலில் பின்சக்கரம் இழுக்கும், ஹைகிராஸில் முன்சக்கரம். பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைகிராஸ் ஹைபிரிட் லிட்டருக்கு 23.24 கி.மீ. என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. ஏசியும் கூட்டமுமாகப் போனால் அவ்வளவு கிடைக்காது.

டீசல் பற்றி ஓர் எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை அளவுக்கான புதிய விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. வண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச நேரம் ஓடும்போதுதான் அதில் சேர்ந்த கரி சூட்டில் எரிந்து சுத்தமாகும். காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையே தினமும் குறுந்தூரம் ஓட்டுவது மட்டுமே உங்கள் வழக்கம் என்றால், அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். வாரம் ஒரு முறையாவது திருச்சி, மதுரை என்று போய்வருகிறவர்களுக்கே டீசல்.

புதிய வண்டி என்றால்

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள்ளும் 1,200 சி.சி.க்குள்ளும் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம். டிரைபர் முதல் வகையில் வரும், எர்டிகாவும் கேரன்ஸும் இரண்டாவதில். இந்த வரி எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே (சாலை வரி, இன்சூரன்ஸ் சேர்க்காத விலை) இருக்கும் என்பதால் கண்ணில் படாது. கண்ணில் படுவது தமிழ்நாட்டுச் சாலை வரி. 2023 நவம்பரில் மாற்றியமைத்தபடி, வண்டியின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல் முழு விலைக்கும் கூடிய விகிதமே விழும் என்பதுதான் சூட்சுமம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,20,000 ரூபாய் வண்டிக்கு 1,83,600. தொடுதிரை கொஞ்சம் பெரிது என்று 30,000 ரூபாய் கூடுதலான வகைக்குப் போகிறவர் வரியில் மட்டும் 54,900 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். 10 லட்சத்துக்கு மேல் போனால் விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரியாக 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடியது, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை வாங்கிக்கொண்டு வந்து காட்டினாலே ஷோரூம் விலை இறங்கும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வண்டி எடுக்கத் தயங்குவதால் பேரம் பேச இடமிருக்கும். அந்த மாதங்களில் பதிவுசெய்து பணத்தைப் பேசி முடித்துவிட்டு, ஆவணியிலோ தையிலோ நல்ல நாளில் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆண்டுக் கடைசியில் வாங்கினால் வண்டி தயாரான மாதத்தைக் கேளுங்கள். ஜனவரியில் பதிவானாலும், முந்தைய ஆண்டில் தயாரான வண்டிக்கு விற்கும்போது ஒரு வயது கூடுதலாகவே கணக்குப் போடுவார்கள்.

எடுக்கும் நாளன்று பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோய்ப் பூசை போடும் அவசரத்தில் யாரும் வண்டியைப் பார்ப்பதில்லை. பதிவு எண் வாங்குவதற்கு முந்தைய நாளே பகல் வெளிச்சத்தில் போய், பெயிண்ட், கண்ணாடி, ஐந்து டயர், எல்லாச் சீட்டும் மடங்கி நிமிர்வது, பின்வரிசை பெல்ட், ஏசி எல்லாவற்றையும் பாருங்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியபின் கண்டுபிடித்த கீறலுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

பழைய வண்டி என்றால்

புதிய டிரைபருக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கைந்து ஆண்டு ஓடிய எர்டிகா கிடைக்கக்கூடும் என்பதால், மூன்றாவது வரிசையை அடிக்கடி பயன்படுத்தும் குடும்பத்துக்குப் பழைய வண்டியே பொருத்தமாக அமைவதுண்டு. ஆனால் நிறுவனமே கடையை மூடிவிட்ட வண்டிகளை, எவ்வளவு மலிவாக வந்தாலும், புதியவர்கள் தொட வேண்டாம். செவ்ரோலே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. டாட்சன் 2022-இல் நின்றது. அவற்றின் டவேராவும் கோ பிளஸும் இன்னும் ஓடுகின்றன, ஆனால் ஒரு பம்பருக்காக மூன்று ஊர் அலைய வேண்டிவரும்.

இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு வகை வண்டி உண்டு. சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் குடும்பம், ஊருக்கு வரும்போது ஓட்டுவதற்காக வாங்கி நிறுத்தியது. எட்டு ஆண்டில் 22,000 கி.மீ., ஃபர்ஸ்ட் ஓனர், பெயிண்ட் பளபளவென்று இருக்கும். புரோக்கர் இதைத் தங்கம் என்பார். நின்றே கிடந்த வண்டிக்கு ஓடிய வண்டியைவிட வேறுவிதமான நோய்கள். டயர் தேயாமலேயே கெட்டிப்பட்டு வெடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், அடியிலுள்ள ரப்பர் புஷ்கள் காய்ந்திருக்கும், எலி வயரைக் கடித்திருக்கும். பானெட்டைத் திறந்ததும் ஃபியூஸ் பெட்டியின் ஓரத்தில் நெல் உமியோ பஞ்சோ தெரிகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 3217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் அந்தச் சக்கரங்களில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. ஐந்து டயர், பேட்டரி, எல்லா எண்ணெய்களும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்தால், இந்த வகை வண்டி நல்ல வண்டிதான்.

இதற்கு நேர் எதிரானது, வாடகைக்கு ஓடி ஓன் போர்டாக (சொந்த உபயோக வண்டியாக) மாற்றப்பட்ட வண்டி. இன்னோவாவில் இது அதிகம். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இப்போது சொந்த வண்டி என்றே இருக்கும் என்பதால், முன்பு டி போர்டாக (வாடகை வண்டியாக) இருந்ததா என்று நேரடியாகக் கேளுங்கள். நம்பர் பிளேட்டைச் சுற்றியும், கதவின் உள் ஓரங்களிலும், சீட் உறைக்கு அடியிலும் பாருங்கள்.

மீட்டரை நம்ப வேண்டாம் என்பது நான் பணம் கொடுத்துப் படித்த பாடம். நான் வாங்கிய முதல் பழைய வண்டி 68,000 கி.மீ. காட்டியது. கிளட்ச் பெடலின் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்ததைக் கவனித்தேன். நல்ல பராமரிப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து, நடுச்சீட்டுக்கு அடியில் உருண்டுபோன தூக்குவாளி மூடியைத் தேடிக் கையை விட்டபோது, நான்காய் மடித்த சர்வீஸ் பில் ஒன்று அகப்பட்டது. அதில் 1,41,000 என்று எழுதியிருந்தது. தேதி, நான் வாங்குவதற்கு ஒன்றரை ஆண்டு முந்தையது. இப்போதெல்லாம் நிறுவன சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லிப் பழைய சர்வீஸ் விவரத்தை உரிமையாளர் முன்னிலையில் கேட்டுவாங்கிய பிறகே விலை பேசுகிறேன். உரிமையாளர் அதற்குத் தயங்கினால் வண்டியைப் பார்க்கவே போவதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இன்னொன்று. 2015-இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, நெல்லையிலும் நின்ற வண்டிகள் சுத்தமாகித் தூர ஊர்களுக்கு விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு படிந்திருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் தூசி எல்லா வண்டியிலும் இருக்கும், அது சேறு அல்ல. தூசி துடைத்தால் போய்விடும், சேறு தையலுக்குள் இறங்கியிருக்கும்.

மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். அதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவையுங்கள். பானெட் சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினில் வரும் சத்தத்தையும் புகையையும் மறைக்க முன்பே ஓட்டிவிட்டார்கள் என்று கொள்ளலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டிங்கரிங் பார்த்த இடத்தைக் கண்டுபிடிக்க, துணி சுற்றிய ஒரு சிறு காந்தம் போதும்; தகட்டுக்கு மேல் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. பானெட், கதவுத் திருகுகளின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் அந்தப் பாகம் கழற்றப்பட்டது. ஓட்டிப் பார்க்கும்போது ஏழு பேரையும் ஏற்றுங்கள். ஆள் நிறைந்தபின் வேகத்தடையில் வண்டி அடிவாங்குகிறதா என்பது தனியே ஓட்டினால் தெரியாது. பெட்ரோல் வண்டி 2023 ஏப்ரலுக்கு முன் தயாரானது என்றால், இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக அது வடிவமைக்கப்படாமல் இருக்கலாம். எரிபொருள் குழாய்களிலும் ரப்பர் வாஷர்களிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காகிதம் முடியாமல் சாவி வாங்காதீர்கள்

சிவகங்கை மாவட்டத்து டி.என். 63 வண்டியோ, ராயவரம் பக்கத்துப் புதுக்கோட்டை டி.என். 55 வண்டியோ என்றால் வேலை எளிது. டெல்லியிலிருந்து வரும் பத்தாண்டு டீசல் வண்டி மலிவாக இருப்பதற்குக் காரணம், அதை அங்கே ஓட்டத் தடை இருந்ததுதான்; தடையின்மைச் சான்றிதழ், மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்தபின் மலிவு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். வண்டிமேல் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கு வங்கியின் சான்றிதழும் கடனை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். விற்பவர் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிடாமல், பெயர் மாறும் வரை ஒரு தொகையை நிறுத்திவையுங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சேர்ந்தே தலைவலி. நிலுவையிலுள்ள அபராதச் சலான்களை அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளர் ஐந்து ஆண்டு உரிமை கோராமல் சேர்த்த 50 சதவீதச் சலுகை அவருடையது, வண்டியுடையது அல்ல. அது உங்களுக்கும் தொடரும் என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். கடைசியாக, முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேக்கைப் பழைய உரிமையாளரையே ரத்துசெய்யச் சொல்லிவிட்டுப் புதிது ஒட்டுங்கள். இல்லையென்றால் நீங்கள் திருச்சி போகும்போதெல்லாம் சுங்கச்சாவடிக் காசு அவர் கணக்கிலிருந்து போகும், அவருடைய தொலைபேசி அழைப்பு உங்களுக்கு வரும்.